புள்ளி புள்ளி புராணம்

பஞ்சப் படலம்

யூனிக்ஸ் பிறந்த வீட்டில் முதலில் டைரக்டரிக்கே பஞ்சம். 1969இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்தில், சீந்துவாரில்லாமல் கிடந்த ஒரு பிடிபி-7 இயந்திரத்தில் கென் தாம்சன் அதை எழுத ஆரம்பித்தார். கோப்பு உண்டு, கோப்புகளைப் போட்டுவைக்க டைரக்டரியும் உண்டு. ஆனால் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒரு டைரக்டரி உண்டாக்க வழி கிடையாது. வேண்டுமானால் மொத்தக் கோப்பு அமைப்பையும் காகித நாடாவிலிருந்து மறுபடி ஏற்றவேண்டும். அந்தச் சமயத்தில் சொல்லிவைத்தால் சேர்த்துக்கொள்வார்கள். டைரக்டரி என்பது அன்றைக்குப் பெட்ரோல் நிலக்கரி வகையறாவில், எடுத்தால் மறுபடி ஊறாத வளமாக இருந்தது என்ற ரீதியில் பத்து வருஷம் கழித்து அவருடைய கூட்டாளி டென்னிஸ் ரிச்சி எழுதிவைத்திருக்கிறார்.

அதைவிடப் பெரிய குறை, பாத் என்ற ஒன்றே கிடையாது. ஒரு கோப்பின் பெயரைச் சொன்னால் நிற்கிற டைரக்டரிக்குள் மட்டும் தேடும். சாய்கோடு போட்டு ‘அதற்குள் இது, இதற்குள் அது’ என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் தாம்சனும் ரிச்சியும் அதற்குமுன் வேலை பார்த்த மல்டிக்ஸ் திட்டத்தில் இதெல்லாம் தாராளமாக இருந்தது. 1965இலேயே டேலி, நியூமன் என்ற இருவர் கிளைவிட்டுக் கிளைவிட்டு இறங்கும் கோப்பு அமைப்பைப் பற்றிக் கட்டுரை படித்துவிட்டார்கள். மல்டிக்ஸில் கீழே இறங்க > குறி, மேலே ஏற < குறி. ஆனால் அந்தத் திட்டம் முடிகிற வழியாகத் தெரியவில்லை என்று 1969இல் பெல் ஆய்வுக்கூடம் கழன்றுகொண்டது. சம்பளம் போகவில்லை, ஏறவும் இறங்கவும் இருந்த வசதி போய்விட்டது.

பாத் இல்லாத ஊரில் பக்கத்து வீட்டுக்குப் போவது எப்படி? ஒவ்வொருவர் டைரக்டரியிலும் ‘டிடி’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அது எல்லாருடைய டைரக்டரியும் வரிசையாக இருக்கும் பெரிய டைரக்டரிக்குக் கூட்டிப்போகும். கென் இருக்குமிடம் போக ‘சிஎச் டிடி கென்’ என்று அடிக்கவேண்டும். முதலில் டிடிக்குப் போ, அங்கிருந்து கென்னிடம் போ என்று பொருள். ரிலேட்டிவ் பாத்தின் கொள்ளுத்தாத்தா இவர்தான். முழு முகவரி எதையும் சொல்லாமல், நிற்கிற இடத்திலிருந்து எப்படிப் போவது என்று மட்டும் சொல்கிற ஆசாமி.

இந்தச் ‘சிஎச்’ பிடிபி-11 என்ற அடுத்த இயந்திரத்துக்குக் குடிபோனபோது ‘சிஎச்டிஐஆர்’ என்று நீண்டது. ஏன் நீட்டினோம் என்று ஞாபகமில்லை என்கிறார் ரிச்சி. பின்னாளில் ‘சிடி’ என்று பழையபடி இரண்டெழுத்துக்குச் சுருங்கியது. அதற்குக் காரணம் யாரும் கேட்கவில்லை.

சேய் போன படலம்

ஆரம்பகால யூனிக்ஸில் ஒரு டெர்மினலுக்கு ஒரே ப்ராசஸ். பிறகு ஃபோர்க் வந்தது. ஒரு ப்ராசஸ் தன்னை அச்சாக உரித்துவைத்த ஒரு சேயைப் பெற்று, வேலையை அதன் தலையில் கட்டிவிட்டுத் தான் காத்திருக்கும். பிடிபி-7இல் இதற்கு அசெம்பிளியில் 27 வரிதான் ஆனது. எல்லாரும் குதூகலமாக இருந்த வேளையில் ஒரு கெட்ட செய்தி: டைரக்டரி மாற்றும் கட்டளை வேலை செய்யவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. போ என்றால் ‘சரி’ என்கிறது. எங்கே நிற்கிறாய் என்று கேட்டால் பழைய இடத்திலேயே நிற்கிறது.

நிரலைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். ஃபோர்க் வந்ததால் இது எப்படிக் கெடும் என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில்தான் வெளிச்சம் பட்டது. கட்டளை கெடவே இல்லை. கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் ஒரு சேயைப் பெற்றது. சேய் சொன்ன சொல் தட்டாமல் புது டைரக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. வந்த வேலை முடிந்ததென்று அங்கேயே உயிரைவிட்டது. பெற்றவர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அன்றிலிருந்து சிடி என்பது ஷெல் தன் கையாலேயே செய்யவேண்டிய காரியம் ஆனது. இன்றைக்கும் ஒரு ஸ்கிரிப்டுக்குள் சிடி போட்டுவிட்டு, ‘ஓடி முடிந்தபின் ஏன் பழைய இடத்திலேயே இருக்கிறேன்?’ என்று கேட்கும் புதியவர்கள் உண்டு. படைத்தவர்களுக்கே முதல் நாள் புரியவில்லை என்று அவர்களுக்கு ஆறுதல் சொல்லலாம். ஆனால் அந்தக் கூத்தில் ஒரு விஷயம் நிலைபெற்றுவிட்டது: ‘இங்கே’ என்பது இயந்திரத்துக்குச் சொந்தமல்ல, ஒவ்வொரு ப்ராசஸுக்கும் தனித்தனி. ‘இங்கிருந்து எப்படிப் போவது?’ என்று கேட்பவரிடம் முதலில் ‘யாருடைய இங்கே?’ என்று திருப்பிக் கேட்கவேண்டும். பின்னால் வந்தவர்களில் பாதிப்பேர் கேட்கவில்லை. இந்தப் புராணம் நீண்டதற்கு அதுதான் காரணம்.

புள்ளி வைத்த படலம்

பிடிபி-11இல் யூனிக்ஸ் வசதியாகக் கால் நீட்டியது. 1971 நவம்பரில் முதல் கையேடு வந்தபோது சாய்கோட்டுப் பாத் நடைமுறையில் இருந்தது. ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் இரண்டு பதிவுகள். ஒற்றைப் புள்ளி என்றால் ‘நானே’. இரட்டைப் புள்ளி என்றால் ‘என்னைப் பெற்றவர்’. எல்லாவற்றுக்கும் மேலே வேர் டைரக்டரி. அதற்குப் பெற்றவர் யார்? அதுவே. வேரில் நின்றுகொண்டு எத்தனை தடவை மேலே போ என்றாலும் அங்கேயே நிற்கும், முறைத்துக்கூடப் பார்க்காது.

இது வீணாகப் போகிறதே என்று இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சிலருக்கு உறுத்தியது. 1982இல் அவர்கள் ‘நியூகாசில் கனெக்‌ஷன்’ என்று ஒன்றைப் போட்டார்கள். அதில் வேரிலிருந்தும் மேலே போகலாம். போனால் வேறொரு கம்ப்யூட்டர் வரும். /../ என்று ஆரம்பித்து அடுத்த இயந்திரத்தின் பெயரைச் சொல்லி அதன் கோப்பைத் திறக்கலாம். கடவுளுக்கு மேலே ஒரு வராந்தா இருக்கிறது, அதில் மற்றக் கடவுள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொன்ன கட்சி இது. கட்சி ஜெயிக்கவில்லை.

புள்ளிகள் வந்ததும் இன்னொரு சில்லறைத் தொந்தரவு. டைரக்டரியில் இருப்பதைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளை இந்த இரண்டு பதிவுகளையும் சேர்த்தே காட்டியது. கென்னோ டென்னிஸோ யாரோ ஒருவர், பெயரின் முதல் எழுத்து புள்ளியாக இருந்தால் தாண்டிவிடு என்று சுருக்கமாக ஒரு வரி சேர்த்தார். முழுப் பெயரையும் ஒப்பிட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருந்திருக்கும். அந்தச் சோம்பலில், புள்ளியில் தொடங்கும் எல்லாக் கோப்பும் தலைமறைவாகிவிட்டது. மறைத்துவைக்க நல்ல இடம் என்று அடுத்தடுத்து வந்த மென்பொருள்களெல்லாம் தங்கள் அமைப்புக் கோப்புகளை அங்கே கொட்டின. இதைப் பெரிய பிழையென்று 2012இல், ஒருகாலத்தில் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ராப் பைக் புலம்பினார். நம் வீட்டு டைரக்டரியில் இன்று கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்து கிடப்பதெல்லாம் அந்த ஒரு வரியின் சந்ததி.

சாய்கோட்டுப் படலம்

யூனிக்ஸ் ஒரு கோடு போட்டால் ஊர் சும்மா இருக்குமா? டிஜிட்டல் நிறுவனத்தின் விஎம்எஸ், டைரக்டரியைச் சதுர அடைப்புக்குள் போட்டு, மேலே போவதற்குக் கழித்தல் குறி வைத்தது. [-] என்றால் பெற்றவர். ஆப்பிள் மெக்கின்டாஷ், பெயர்களுக்கு நடுவில் முக்காற்புள்ளி வைத்தது. அதோடு விட்டதா? யூனிக்ஸில் பாத் சாய்கோட்டில் தொடங்கினால் அது வேரிலிருந்து வருகிற முழு முகவரி. மெக்கில் பாத் முக்காற்புள்ளியில் தொடங்கினால் அது ரிலேட்டிவ். ஒரு வீட்டில் வலது கால் வைத்து வா என்றால், அடுத்த வீட்டில் அதே காலை வைத்தால் அபசகுனம். பைத்தான் மொழி இந்தப் பழைய மெக்குக்கென்றே தனி மாட்யூல் ஒன்றை வைத்திருந்து, 2019இல் 3.8 வந்தபோதுதான் தூக்கியது. புது மெக் ஓஎஸ் டென் 2001இலேயே கடைக்கு வந்துவிட்டது. துக்கம் பதினெட்டு வருஷம் காக்கப்பட்டது.

மைக்ரோசாஃப்ட் கதை தனி ரகம். 1981இல் வந்த எம்எஸ்-டாஸில் டைரக்டரியே கிடையாது. ஒரு ஃப்ளாப்பியில் எத்தனை கோப்பு வைத்துவிடப் போகிறார்கள்? சாய்கோடு சும்மாதானே இருக்கிறது என்று, கட்டளைகளுக்கு ‘இப்படிச் செய், அப்படிச் செய்’ என்று சொல்லும் குறியாக அதை எடுத்துக்கொண்டார்கள். 1983 மார்ச்சில் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்கோடு ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. கூடவே டாஸ் 2.0, அதோடு டைரக்டரி. சாய்கோடு கேட்டால், ‘அதை எப்போதோ கொடுத்தாயிற்றே!’ என்று பதில். சரி, அதையே திருப்பிப் போடு. அன்று திரும்பிய கோடு இன்றுவரை திரும்பியே இருக்கிறது. ஜப்பானிய எழுத்துக்குறி முறையில் பின்சாய்கோட்டின் எண்ணில் யென் குறி உட்கார்ந்திருந்ததால், அங்கே பாத் முழுக்க ¥ ¥ என்று வந்தது. ஜப்பானில் ஒரு டைரக்டரி இறங்க ஒரு யென். கொரியாவில் அதே இடத்தில் அவர்கள் ஊர்ப் பணமான வோன்.

டிரைவ் எழுத்துகள் இன்னொரு விருந்து. ஏ, பி இரண்டும் ஃப்ளாப்பிக்கு, சி ஹார்டு டிஸ்க்குக்கு. ஃப்ளாப்பி செத்துப் பல காலம் ஆகியும் சி இன்னும் மூன்றாமிடத்தை விட்டு முன்னால் வரவில்லை. ஒவ்வொரு டிரைவும் ‘இங்கே’ என்று தனக்கொன்று வைத்திருக்கும். சி:\கடிதம் என்றால் சி டிரைவின் உச்சியிலிருக்கும் கடிதம். சி:கடிதம் என்றால், கடைசியாகச் சி டிரைவில் எங்கே நின்றீர்களோ அங்கே இருக்கும் கடிதம். நடுவில் ஒரு கோடு விட்டுப்போனால் ஊரே மாறிவிடும். இதையெல்லாம் விட முக்கியமானது: சி-யிலிருந்து டி-க்கு ரிலேட்டிவ் பாத் கிடையாது. எத்தனை புள்ளி வைத்து ஏறினாலும் சி-யின் கூரை முட்டும், டி வராது. நியூகாசில்காரர்கள் போட்ட வராந்தா இங்கேதான் தேவைப்பட்டது.

குறுக்குவழிப் படலம்

இதுவரை பிள்ளைக்கு ஒரே பெற்றவர். 1983இல் பெர்க்லியின் 4.2 பிஎஸ்டி, சிம்பாலிக் லிங்க்கை, சுருக்கமாகச் சிம்லிங்க்கை, அறிமுகப்படுத்தி அந்த நிம்மதியையும் கெடுத்தது. ‘நான் இங்கே இல்லை, அங்கே போய்ப் பார்’ என்று எழுதி ஒட்டியிருக்கும் சீட்டு அது.

கிட்டத்தில் பார்ப்போம். /வீடு/ராணி/பாட்டு என்று ஒரு சிம்லிங்க். அது உண்மையில் /சேமிப்பு/இசை என்ற டைரக்டரியைக் காட்டுகிறது. ராணி ‘சிடி பாட்டு’ என்று உள்ளே போகிறார். இப்போது இரட்டைப் புள்ளி போட்டு மேலே ஏறினால் எங்கே வருவார்? வந்த வழியே திரும்பினால் /வீடு/ராணி. நிஜமாகப் பெற்றவரைக் கேட்டால் /சேமிப்பு. பழைய ஷெல்கள் நிஜத்தைப் பார்த்து /சேமிப்புக்குக் கொண்டுபோய் விட்டன. ‘ராணி வீட்டிலிருந்துதானே வந்தேன், இது யார் வீடு?’ என்று ஜனங்கள் திகைத்தார்கள். டேவிட் கார்னின் ஷெல், வந்த வழியை ஞாபகம் வைத்துக்கொண்டு ராணி வீட்டுக்கே திரும்பக் கூட்டிவந்தது. எல்லாருக்கும் சந்தோஷம். போசிக்ஸ் தரநிலையும் அதையே இயல்பு என்று ஒப்புக்கொண்டது.

ஆனால் ஷெல்லுக்கு இருக்கும் ஞாபகம் மற்றக் கட்டளைகளுக்கு இல்லை. பாட்டு டைரக்டரியில் நின்றுகொண்டு ‘சிடி ..’ அடித்தால் /வீடு/ராணிக்குப் போவீர்கள். அதே இடத்தில் நின்று ‘எல்எஸ் ..’ அடித்தால் /சேமிப்பில் இருப்பதைக் காட்டும். ஒரே இரண்டு புள்ளி, ஒரே இடம், இரண்டு பெற்றவர்கள். இன்றைய லினக்ஸிலும் அடித்துப் பார்க்கலாம், அப்படியேதான் நடக்கும்.

இதைச் சகிக்காத ராப் பைக், பெல் ஆய்வுக்கூடத்தின் பிளான் 9 அமைப்பில் சிம்லிங்க்கையே வைத்துக்கொள்ளாமல், திறக்கும் ஒவ்வொரு கோப்போடும் அது எந்தப் பெயரில் திறக்கப்பட்டது என்பதையும் கெர்னலில் எழுதிவைத்தார். புள்ளி புள்ளியை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று 2000இல் ஒரு கட்டுரையும் போட்டார். பாத்தை எழுத்தாக மட்டும் வைத்து, ‘அ/../ஆ’ என்று இருந்தால் ‘ஆ’ என்று சுருக்கிவிடலாம் என்ற கணக்கு அதில் செல்லுபடியாகும். பிளான் 9 உலகை வெல்லவில்லை. அந்தக் கணக்கு மட்டும் தப்பிப் பிழைத்து, பைக் பின்னால் கூகுளில் சேர்ந்து உருவாக்கிய கோ மொழிக்குள் குடியேறியது.

நூலகப் படலம்

இனி கதை மொழிகளுக்கு வருகிறது. ‘இந்த டைரக்டரியிலிருந்து அந்தக் கோப்புக்கு ரிலேட்டிவ் பாத் என்ன?’ என்ற கேள்விக்கு விடை சொல்லும் ஃபங்ஷன், மொழியோடு கூடவே வரவேண்டிய சாமான். கணக்கு எளிது. /வீடு/ராணி/கடிதம் என்ற இடத்திலிருந்து /வீடு/மணி/படம் போகவேண்டும். இரண்டுக்கும் பொதுவான முன்பகுதி /வீடு. அதை வெட்டு. புறப்படும் பக்கம் மிச்சமிருப்பது ராணி, கடிதம் என்று இரண்டு பெயர். ஆளுக்கொரு இரட்டைப் புள்ளி. சேரும் பக்கம் மிச்சம் மணி/படம். ஒட்டினால் ../../மணி/படம். முடிந்தது.

டீக்கடையில் வழி கேட்டால், கிளாஸைக் கீழே வைக்காமலே ‘ரெண்டு தெரு பின்னாடி போயி, மணி வீட்டுப் பக்கம் திரும்புங்க’ என்பாரே, அவர்தான் இந்த ஃபங்ஷன். மணி இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாரா, தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பெயர்களை வைத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

இவ்வளவு எளிதான கணக்கு, மொழிகளுக்குள் வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தைப் பாருங்கள். பைத்தான் 1991இல் வெளியானது. ‘ரெல்பாத்’ வந்தது 2008இல், 2.6இல். ஜாவா தொண்ணூறுகளின் நடுவில் பிறந்து, 2011இல் ஏழாம் பதிப்பில் ‘ரிலேட்டிவைஸ்’ கண்டது. சி++க்கு 2017 தரநிலைவரை பொறுமை இருந்தது. டாட்நெட்டுக்கும் 2017இல்தான். அதுவரை டாட்நெட்காரர்கள் வலைமுகவரிக்கென்று இருந்த வகுப்பில் கோப்பின் பாத்தை நுழைத்து எடுத்தார்கள். பெயரில் இருந்த இடைவெளியெல்லாம் %20 ஆகி வெளியே வரும், அதைத் துடைக்க இன்னொரு ஃபங்ஷன். ஐந்து வரிக் கணக்குதானே, அவனவன் எழுதிக்கொள்வான் என்ற நினைப்பு. அவனவன் எழுதினான். ஒவ்வொருவனும் ஒவ்வொரு விதமாகத் தப்பாக எழுதினான்.

எந்த மாதிரித் தப்பு என்பதற்குப் பைத்தானே சாட்சி. பொதுவான முன்பகுதியைக் கண்டுபிடிக்க ‘காமன்ப்ரிஃபிக்ஸ்’ என்று ஒரு ஃபங்ஷன், பாத்களுக்கான மாட்யூலிலேயே இருந்தது. அதனிடம் /வீடு/கண்ணன், /வீடு/கண்ணகி இரண்டையும் கொடுத்தால் /வீடு/கண்ண என்று விடை சொல்லும். எழுத்தெழுத்தாகப் பார்க்கும் பிறவி அது, சாய்கோட்டுக்குத் தனி மரியாதை கிடையாது. ‘கண்ண’ என்று ஒரு டைரக்டரி உலகத்திலேயே இல்லை என்பது அதன் கவலையல்ல. பெயர்பெயராகப் பார்க்கும் ‘காமன்பாத்’ 2015இல் 3.5இல் வந்தது. பழையதையும் எடுக்கவில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, எது எது என்று தெரியாதவனுக்காக.

எதை முதலில் சொல்வது என்பதிலும் ஒற்றுமை இல்லை. பைத்தானும் பெர்லும் சி++ஸும் சேருமிடத்தை முதலில் கேட்கும், புறப்படுமிடத்தைப் பிறகு. கோவும் நோடும் டாட்நெட்டும் புறப்படுமிடத்தை முதலில் கேட்கும். ஜாவாவில் புறப்படுமிடம் சேருமிடத்தைக் கூப்பிடும். ரூபியில் சேருமிடம் புறப்படுமிடத்தைக் கூப்பிடும். மாற்றிக் கொடுத்தாலும் பிழைச் செய்தி வராது. பார்க்க லட்சணமான ஒரு பாத் வரும், எதிர்த்திசைக்கு.

தமிழில் பெயர் வைத்தால் பெரிய எழுத்து சின்ன எழுத்துத் தொல்லை இல்லை என்று நாம் மீசை முறுக்கலாம். விண்டோஸில் அந்த வித்தியாசத்தைப் பாராட்டாமல் ஒப்பிட, கோவின் ஃபங்ஷனில் தனியாக நிரல் எழுதவேண்டியிருந்தது. ஆனால் நமக்கும் ஒரு கண்ணி உண்டு. ‘கோப்பு’ என்ற சொல்லின் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலும் தனித்தனியாக இரண்டு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு அமைப்பு, கொடுத்ததைப் பிரித்து இரண்டாகத்தான் வைத்துக்கொள்ளும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்ளும். ஒன்று இங்கிருந்தும் ஒன்று அங்கிருந்தும் வந்தால், /வீடு/கோப்பிலிருந்து /வீடு/கோப்புக்கு வழி கேட்பவருக்கு ‘../கோப்பு’ என்று விடை வரும். வாசற்படியில் நிற்பவரை வெளியே போய் உள்ளே வரச்சொல்லும் விடை.

கைவிரித்த படலம்

கோ மொழியின் ‘ரெல்’ 2012இல் முதல் பதிப்போடு வந்தபோது ஒரு வழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தது. எழுத்தை மட்டும் வைத்து விடை சொல்லமுடியாத கேள்வியென்றால், முடியாது என்று பிழையைத் திருப்பிக் கொடுத்துவிடும். /அ என்ற இடத்திலிருந்து ‘ஆ/இ’க்கு வழி சொல் என்றால் கைவிரிக்கும். ஒன்று வேரிலிருந்து வருகிறது, மற்றது எங்கிருந்து வருகிறதோ யார் கண்டது?

இன்னும் நுட்பமானது ஒன்று. புறப்படுமிடம் ‘..’, சேருமிடம் ‘அ’. அதாவது, பெற்றவர் வீட்டில் இருந்து என் வீட்டுக்குள் இருக்கும் ‘அ’ அறைக்கு வரவேண்டும். வழி சுலபம்: என் வீட்டுப் பெயர், பிறகு ‘அ’. ஆனால் என் வீட்டுப் பெயர் என்ன? ஒற்றைப் புள்ளிக்குத் தன் பெயர் தெரியாது. வெளியே போக இரண்டு புள்ளி போதும். திரும்பி வர, சொந்தப் பெயர் தெரிந்திருக்கவேண்டும். ரெல் இதற்கும் பிழைதான் கொடுக்கும், கோவின் சோதனைப் பட்டியலிலேயே இந்த வகைக் கேள்விகளுக்கு எதிரே ‘பிழை’ என்றுதான் எழுதியிருக்கிறது. பைத்தானின் ரெல்பாத் அப்படிக் கைவிரிக்காது. ப்ராசஸ் எங்கே நிற்கிறதென்று விசாரித்து, இரண்டையும் முழு முகவரியாக்கி, கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். சி-க்கும் டி-க்கும் நடுவில் மாட்டினால் மட்டும் அதுவும் பிழை எறியும்.

ஆனால் அதே பைத்தான் வீட்டில் 2014இல் பாத்லிப் என்று ஒரு கறார் மருமகள் வந்தாள். மாமியார், அதாவது ரெல்பாத் இருக்கும் பழைய மாட்யூல், ‘அ/../ஆ’வைத் தயங்காமல் ‘ஆ’ என்று சுருக்குவாள். மருமகள் தொடமாட்டாள். ‘அ’ சிம்லிங்க்காக இருந்தால் அர்த்தமே மாறுமே! ரிலேட்டிவ் பாத் கேட்டாலும், சேருமிடம் புறப்படுமிடத்துக்குள்ளேயே இருந்தால்தான் பதில்; இரட்டைப் புள்ளி போட்டு ஏறவேண்டியிருந்தால் பிழை. ‘ஏறிக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பொறுப்பேற்றுச் சொல்ல ஒரு வழியை 2023இல் 3.12இல்தான் சேர்த்தார்கள். ஒன்பது வருஷம் பிடிவாதம். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கன்னம் வைத்த படலம்

இவ்வளவு கறார் எதற்கு என்பவர்கள், திருடர்கள் பக்கத்திலிருந்து பார்க்கவேண்டும். சுவரில் கன்னம் வைக்க அவர்களுக்குக் கடப்பாரை தேவைப்படவில்லை, இந்த இரண்டு புள்ளி போதும். வெப் சர்வரிடம் ‘படம்’ என்று கேட்பதற்குப் பதில் ‘../../../’ என்று ஏறி ஏறி, கொடுக்கக்கூடாத டைரக்டரியிலிருந்து கோப்பைக் கேட்பது.

2000இல் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் சர்வர் இதைத் தடுக்கத்தான் செய்தது. முதலில் பாத்தைச் சோதித்துவிட்டு, அதன்பிறகு அதில் இருந்த மறைகுறிகளைப் பிரித்தது. சாய்கோட்டை முறைகேடான யூனிகோட் வேஷத்தில் அனுப்பினால், காவலாளி விட்டுவிடுவார்; உள்ளே போனதும் வேஷம் கலையும். மறுவருஷம் செப்டம்பரில் பரவிய நிம்டா என்ற புழுவுக்கு இது ஒரு நுழைவாசல். அந்தக் காலம் அப்படி என்று பெருமூச்சு விடவேண்டாம். 2021இல் அப்பாச்சி சர்வரின் 2.4.49 பதிப்பில், பாத்தைச் சுத்தப்படுத்தும் நிரலை மாற்றி எழுதினார்கள். புள்ளியை %2e என்று வேஷம் கட்டி அனுப்பினால், வேறு காவல் போடாத இடங்களில் புகுந்துவிடலாம் என்று ஆனது. அக்டோபரில் அவசரமாக 2.4.50 வந்தது. வேஷத்துக்கு மேல் வேஷம் கட்டினால் அதிலும் புகலாம் என்று தெரிந்து, அதே வாரத்தில் 2.4.51 வந்தது.

பைத்தானின் டார்ஃபைல் இன்னும் நிதானம். டார் பொட்டலத்துக்குள் ஒரு கோப்பின் பெயரே ‘../../’ என்று ஆரம்பித்தால், பிரிக்கும்போது அது போகச்சொன்ன இடத்தில் போய் உட்காரும். 2007இல் சுட்டிக்காட்டினார்கள். ‘நம்பாத பொட்டலத்தைப் பிரிக்காதீர்’ என்று ஆவணத்தில் ஓர் எச்சரிக்கை எழுதிவைத்துவிட்டு எல்லாரும் வேலையைப் பார்க்கப் போனார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஒருவர் அதே ஓட்டையைப் புதிதாகக் கண்டுபிடித்து ஊரைக் கூட்டினார். 3.12இல் வடிகட்டி வந்தது, 2025இல் 3.14இல்தான் சொல்லாமலே வடிகட்டும் வழக்கம் வந்தது.

பெயர்களை வைத்து வழி சொல்பவரையே வாசலில் காவலுக்கும் நிறுத்தியதுதான் கோளாறு. கோ மொழிக்கும் இது மெதுவாகத்தான் உறைத்தது. 2023இல் ஒரு பாத் தன் எல்லையைத் தாண்டுகிறதா என்று எழுத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஃபங்ஷன் வைத்தார்கள். சிம்லிங்க் இருந்தால் அது ஏமாறும். 2025 பிப்ரவரியில் 1.24இல் ‘ரூட்’ என்று ஒன்று வந்தது: ஒரு டைரக்டரியைத் திறந்துகொண்டு, இதற்கு வெளியே எதுவும் கிடையாது என்று எல்லை கட்டிவிட்டு, ஒவ்வொரு படியாகச் சிம்லிங்க்கைப் பார்த்துப் பார்த்து இறங்கும். வெளியே போகப் பார்த்தால் பிழை.

ரஸ்ட் மொழி இந்த அமளியையெல்லாம் பார்த்திருக்கவேண்டும். அதன் ஸ்டாண்டர்டு லைப்ரரியில் முன்பகுதியை வெட்டிக் கொடுக்கும் ஃபங்ஷன் மட்டும் இருக்கிறது, வெட்டமுடியாவிட்டால் பிழை. ரிலேட்டிவ் பாத் கணக்கிடும் சமாசாரம் அங்கே கிடையாது, வெளியிலிருந்து தனிப் பொட்டலமாக வாங்கிக்கொள்ளவேண்டும். அந்தப் பொட்டலமும் விடையை நேராகக் கையில் தராது. ‘இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்ற உறைக்குள் போட்டுத் தரும். பிரித்துப் பார்க்காமல் வேலை நடக்காது. அந்த ‘இல்லை’யைப் பார்த்ததும் சத்தம்போடாமல் விழுங்கிவிட்டு, கைக்கு அகப்பட்ட ஏதோ ஒரு பாத்தைத் திருப்பிக் கொடுக்கும் நிரலாளர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். புராணத்தின் அடுத்த படலத்துக்கு அவர்கள்தான் பொறுப்பு.